சசிகலா மொய் நிறுத்திய கதை

நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற அந்த ஊரில் சிக்கனம் என்றால் சசிகலாவைத்தான் காட்டுவார்கள். பாராட்டிக் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். "அவ தீக்குச்சியக்கூட ரெண்டாப் பொளந்து வெச்சுக்குவா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் நிலத்தையா எழுதிக் கொடுத்தார்கள்?

நிலத்தை எழுதிக் கொடுத்தது அவள் புருஷன் மாது. நல்ல மனுஷன்தான், ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்ல மனுஷன். பன்னிரண்டு மாமரம் நிற்கிற ஒரு ஏக்கர் கொல்லை, அவன் அப்பா விட்டுப் போனது. அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு போர் போட்டான். எண்ணூறு அடி, புழுதி. அடுத்த வருஷம் இன்னொன்று, ஆயிரத்து நூறு அடி, அதிலும் புழுதி. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவன் வந்தான். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் மூன்றாவதைப் போடச் சொன்னான். தேங்காய் நின்றது, தண்ணீர் வரவில்லை. சசிகலாவின் நகை முழுக்க அந்த மூன்று ஓட்டைக்குள் போயிற்று. அப்படியும் போர் வண்டிக்காரனுக்குப் பாக்கி, உரக்கடைக்குப் பாக்கி, அவனுக்கு இவனுக்கு என்று வாசலில் ஆள் நின்றார்கள்.

அந்தப் பாக்கிகளை அடைக்கத்தான் பக்கத்து ஊர்ப் பச்சியப்பனிடம் மூன்று லட்சம் வாங்கினான் மாது. பச்சியப்பன் வட்டி கேட்கவில்லை. கொல்லையைத் தன் பேருக்குக் கிரயம் எழுதித் தரச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு மாங்காய் அவருக்கு. ஐந்தாவது வருஷம் தை மாதம் முடிவதற்குள் மூன்று லட்சத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தந்துவிடுவார், இல்லாவிட்டால் கொல்லை அவருடையது. திருப்பி எழுதித் தருவது என்பது வாய்ப்பேச்சு, கிரயம் மட்டும் ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிந்தது. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் நிலம் இப்படித்தான் கைமாறியிருக்கிறது, அப்படியும் கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாது தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓர் ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசையப் போனான். இரண்டு வருஷம் ஓடிற்று. கையில் ஒரு ரூபாய் நிற்கவில்லை. ஒருநாள் சசிகலா பொறுமை போய்க் கத்தினாள்.

"இனிமே சம்பளத்த எங்கையில குடுங்க. நீங்க பாத்த லட்சணம் போதும். கொல்லைய நான் மீக்குறேன்."

அந்த மாதத்திலிருந்தே மாது சம்பளத்தை அவளிடம் கொடுத்துவிட்டான். அதற்கு மேல் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பால் நின்றது. கேபிள் நின்றது. இரண்டு போனில் ஒன்றுக்குத்தான் ரீசார்ஜ், அதுவும் மாதுவின் போனுக்கு. கேஸ் சிலிண்டர் ஒன்று ஐந்து மாதம் வந்தது, ஏனென்றால் அது வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் எரிகிற அடுப்பாகிவிட்டது. தாளிக்க எண்ணெயைப் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுவாள். ரேஷன் அரிசிச் சோறும் கேழ்வரகுக் களியும் மாறி மாறி, மாதம் ஒரு முறை அரைக் கிலோ கோழி. தர்மபுரிக்குப் போக வேண்டுமென்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸுக்காக வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்பாளே தவிர, கண் முன்னால் வந்து நிற்கிற மினி பஸ்ஸில் ஏற மாட்டாள். நூறு நாள் வேலைக்குப் போனாள், அது இல்லாத நாளில் தக்காளி பறிக்கப் போனாள். மகள் ஐஸ்வர்யா ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பள்ளிக்கூடப் பையைத் தைத்துத் தைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று ஊரில் சும்மா சொல்வார்கள், இவள் மெய்யாகவே கட்டினாள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாதக் கடைசியில் எங்கேயோ ஓட்டை இருந்தது. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் முப்பத்தொரு விசேஷம். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு புகுதல், மஞ்சள் நீராட்டு. மொய்யும் பஸ் செலவும் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் போயிருந்தது.

மொய் என்பது அந்த ஊரில் அன்பளிப்பு இல்லை. கடனும் இல்லை. உன் வீட்டு விசேஷத்தில் நான் ஐந்நூறு எழுதினால், என் வீட்டு விசேஷத்தில் நீ ஆயிரம் எழுத வேண்டும். அப்போது அந்த மேல்பட்ட ஐந்நூறு என் தலையில் நிற்கும், அடுத்த முறை நான் சேர்த்து எழுதுவேன். இப்படி எந்தக் காலத்திலும் தீராமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதிய ஐந்நூறை அப்படியே ஐந்நூறாகத் திருப்பி எழுதினால் அதற்குப் பேர் கணக்கு முடித்துக்கொள்வது. சண்டை போட்டு முகம் பார்க்காமல் போனவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

சசிகலா இதையெல்லாம் அறியாதவள் இல்லை. ஆனால் கொல்லை போய்விடும் என்கிற பயத்தில் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "கெடு முடியறவரைக்கும் எந்த விசேசத்துக்கும் போறதில்ல" என்று முடிவு கட்டினாள். மாதுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஊரு என்னா பேசும் சசி?"

"ஊரா வந்து பச்சியப்பனுக்குக் காசு கட்டப் போவுது?"

முதலில் வந்து மாட்டியவர் நஞ்சப்பன். மாதுவுக்குப் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். மாதுவின் அப்பா செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டியதிலிருந்து கருமாதி வரை நின்று செய்தவர். வெற்றிலை பாக்குத் தட்டோடு மகனுடைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்தார். சசிகலா பத்திரிகையை வாங்கிக்கொண்டு, மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. கொல்லைய மீக்குற வரைக்கும் எங்கயும் போறதில்லன்னு இருக்கறோம். கையில காசில்ல."

நஞ்சப்பன் சிரித்தார். "அட, காசு யாரும்மா கேட்டது? வெறுங்கையோட வா. வந்து பந்தியில நாலு பேருக்குச் சோறு போடு. யாரு வூட்டுக் கல்யாணம், நம்ம வூட்டுதானே?"

எவ்வளவு நல்ல வார்த்தை! அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சசிகலாவின் ரோஷம் இருக்கிறதே, அது அவள் கடனைவிடப் பெரிது. மொய் எழுதுகிற மேஜையைத் தாண்டி, நான்கு பேர் பார்க்க, கையை வீசிக்கொண்டு போய்ச் சோற்றில் உட்காருவதா? செத்தாலும் அவளால் முடியாது. கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு உள்ளே இருந்தாள். மாதுவை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டாள். மேளச்சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை, மற்ற வீட்டுக்கு எப்படிப் போவது? அப்படியே நின்றுபோயிற்று. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றாள், இன்னொரு வீட்டில் அண்ணன் ஊருக்குப் போய்விட்டோம் என்றாள். பிறகு காரணம் சொல்வதும் நின்றது. சாவுக்குக் கோடித் துணி எடுக்க வேண்டுமே என்று இழவு வீட்டுக்கும் போகாமல் இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வருஷம் பத்திரிகை வைக்க வருவதையே குறைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. கூப்பிடாத வீட்டுக்குப் போகாததில் குற்றமில்லையே.

ஐந்தாவது வருஷம் கார்த்திகையில் டப்பாவைத் திறந்து எண்ணினாள். ஒரு லட்சத்து அறுபதாயிரம். மூன்று வருஷத்துப் பால், எண்ணெய், கோழி, பஸ் எல்லாம் அந்த டப்பாவில் இருந்தது. இன்னும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும், இருப்பது இரண்டரை மாதம். பத்திரம் பச்சியப்பன் பேரில் இருக்கிறது, எந்த பேங்க் கொடுக்கும்? கைமாற்றாகக் கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? மூன்று வருஷமாக ஒருத்தர் வாசலையும் மிதிக்கவில்லையே.

அன்றைக்குத்தான் அவளுக்கு மொய் நோட்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எழுதினோம் என்று மாது எழுதி வைத்த நோட்டு. திருப்பிச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தது போக, இவர்கள் புதிதாகப் போட்டது மட்டும் உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வெளியே நின்றது. மகளுக்குக் காது குத்தியதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. எல்லாரும் ஒன்றுக்கு இரண்டாக எழுதினால் இரண்டு லட்சத்து இருபதாயிரம். சாப்பாடு, பந்தல், பத்திரிகை என்று எண்பதாயிரம் செலவு. மீதி? ஒரு லட்சத்து நாற்பதாயிரம். சசிகலாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடவுளே வந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது போல இருந்தது அவளுக்கு.

ஐஸ்வர்யா பெரியவளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்போது செலவு என்று வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். இப்போது ஊர் கூட்டி மஞ்சள் நீராட்டு என்றதும் அந்தப் பெண் அழுதாள்.

"அம்மா, பஸ் ஸ்டாப்புல எம் மூஞ்சிய பேனர் அடிச்சு வெப்பாங்களா? ஸ்கூல்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்கம்மா. எனக்கு வேணாம்."

"ஒரு நாளு பொறுத்துக்க கண்ணு. நம்ம கொல்லைக்குத்தான்."

மாது தலையைச் சொறிந்தான். "நம்ம யாருக்கும் போவல. நமக்கு வருவாங்களா?"

"சும்மாவா கேக்கறோம்? நம்ம போட்டதத்தானே கேக்கறோம். அதுக்கு எதுக்கு மூஞ்சி பாக்கணும்?"

தை பதினெட்டாம் தேதி என்று நாள் குறித்தார்கள். டப்பாவிலிருந்து எண்பதாயிரம் வெளியே வந்தது. எண்ணெயை மூடியில் அளந்தவள் ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்குச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாள். தாம்பாளத்தோடு வீடு வீடாகப் போனாள், பச்சியப்பன் வீட்டையும் விடவில்லை. எல்லாரும் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "அட, எங்க வூட்டுக்கு வழி தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். சசிகலா சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நஞ்சப்பன் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. கண் இருந்தும் அவள் பார்க்கவில்லை. கெடு அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

விசேஷத்தன்று சமுதாயக் கூடத்தில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் ராணி நாற்காலி, அதில் பட்டுப்புடவையும் வாடகை நகையுமாக ஐஸ்வர்யா. தாய்மாமன் குரு, சசிகலாவின் அண்ணன், மாரண்டஹள்ளியிலிருந்து சீர்த்தட்டோடு பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான். மாதுவின் ஓட்டல்காரர்கள் ஆறு பேர். அவ்வளவுதான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மொய் எழுத உட்கார்ந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். சமையல்காரர் இரண்டு முறை வந்து, "பந்தி போடலாமாங்க?" என்று கேட்டார். "இருங்க, இப்ப வந்துருவாங்க" என்றாள் சசிகலா. போட்டோக்காரர் வேறு வேலை இல்லாமல் ஐஸ்வர்யாவையே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு மணி நேரமாகத் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எதிரே காலி நாற்காலிகள்தானே.

பன்னிரண்டரைக்கு நஞ்சப்பன் வந்தார். தனியாக, கையில் ஒரு துணிப்பையோடு. சசிகலாவுக்கு உயிர் வந்தது. ஓடினாள்.

"வாங்க மாமா, வாங்க. எங்க மத்தவங்கல்லாம்?"

அவர் நேராக மேடைக்குப் போனார். ஐஸ்வர்யா தலையில் மஞ்சள் அரிசி போட்டு, கையில் நூறு ரூபாய்த் தாளை வைத்து, "நல்லாருக்கணும் கண்ணு" என்றார். இறங்கி வந்து பையைச் சசிகலாவிடம் நீட்டினார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு, கூடவே நான்காக மடித்த காகிதம்.

"நம்மூரு எண்பத்தாறு வூடும்மா. யாரு யாரு எவ்வளவுன்னு இதுல எழுதியிருக்குது. தொண்ணூத்தி நாலாயிரத்து முந்நூத்தி அம்பது. நீங்க எழுதுனது என்னாவோ அது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. சரி பாத்துக்க."

சசிகலாவுக்கு முதலில் விளங்கவில்லை. காகிதத்தைப் பிரித்தாள். ஐந்நூறு எழுதிய வீட்டுக்கு நேரே ஐந்நூறு. இருநூற்று ஐம்பது எழுதிய வீட்டுக்கு நேரே இருநூற்று ஐம்பது. எண்பத்தாறு வீடும் கூடிப் பேசி, ஒரே நாளில் கணக்கை முடித்துக்கொண்டுவிட்டன.

"மாமா... ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றாள்.

"எம் மவன் கல்யாணத்துல நீ சாப்புடலியேம்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "வெறுங்கையோட வான்னுதானே சொன்னேன். கடைசிப் பந்தி முடியற வரைக்கும் வாசலையே பாத்துட்டு நின்னேன். அப்பயே மனசு வுட்டுப் போச்சு. ஒதவின்னு வந்து கேட்டிருந்தா, பங்காளிங்க நாங்க சேந்து ஒரு வழி பண்ணியிருக்க மாட்டமா? கொல்ல எங்க சித்தப்பன் கொல்லதானே."

போய்விட்டார். சசிகலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை நாள் பசியோடு படுத்திருக்கிறாள், அப்போதெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பச்சியப்பன், பெண்டாட்டி, மகன், மருமகள், பேரன். வெள்ளை வேட்டியும் துண்டுமாக, வாயெல்லாம் பல்லாக வந்தார். வயிறாரச் சாப்பிட்டார்கள், பாயசம் இரண்டு முறை வாங்கினார்கள். பச்சியப்பன் மொய் மேஜைக்குப் போய் ஆயிரத்தொன்று எழுதினார். அந்தப் புது நோட்டில் எண்பத்தாறு வீட்டுக் கணக்கும் முடிந்துபோயிருக்க, அண்ணனையும் ஓட்டல்காரர்களையும் விட்டால், திருப்பிச் செய்ய வேண்டிய வீடாக எழுதப்பட்ட ஒரே பேர் அவருடையதுதான்.

புறப்படும்போது சசிகலாவைக் கூப்பிட்டுப் பத்திரிகை வைத்தார்.

"பங்குனியில பேரனுக்குக் காது குத்தறோம்மா. மண்டபம் எதுக்கு வீண் செலவுன்னு, நம்ம மாங்கொல்லையிலயே பந்தல் போட்டுடலாம்னு இருக்கறேன். நல்ல நெழலு. குடும்பத்தோட வந்துருங்க."

கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த மனுஷனுக்கு அதுவரைக்கும் பொறுக்கவில்லை. மிச்சமான நானூற்றைம்பது பேர் சாப்பாட்டை ஏரிக்கரையில் குழி தோண்டிக் கொட்டினார்கள்.

தை கடைசியில் கையிலிருந்ததை எல்லாம் திரட்டிப் பார்த்தாள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதை எடுத்துக்கொண்டு பச்சியப்பன் வீட்டுக்குப் போய், "ஒரு வருசம் டைம் குடுங்க" என்று கெஞ்சினாள். "பாதிக் காசுக்குப் பாதி மரமாம்மா வெட்டித் தர முடியும்?" என்று கேட்டுவிட்டு அவர் காபி கொடுத்து அனுப்பினார். மூன்று வருஷம் கழித்து அவள் குடித்த பால் காபி அது.

பங்குனியில் மாங்கொல்லையில் பந்தல் போட்டிருந்தது. மரத்துக்கு மரம் சீரியல் விளக்கு. ஊரே அங்கே இருந்தது. நஞ்சப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார், இவளைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தார். சசிகலா மாதுவோடும் மகளோடும் நேராக மொய் மேஜைக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.

"ஆயிரத்து நூத்தி ஒண்ணு. மாதுன்னு எழுதுங்க."

மாது அவள் கையைப் பிடித்தான். "ஏ, என்னா பண்ற? நம்ம கொல்லைய முழுங்குனவன் இவன். அவன் எழுதுன ஆயிரத்தொண்ண மூஞ்சியில வீசிட்டுப் போலாம். நூறு ரூவா எதுக்குச் சேத்தி எழுதற?"

"சேத்தி எழுதாம?" என்றாள் சசிகலா. "நாளைக்கு ஐசு கல்யாணத்துக்குப் பந்தியில வந்து ஒக்கார, நமக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"